மானியம் யார் பைக்குப் போகிறது?

என் அக்கா மகனுக்கு வயது 27. பண்ருட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஆறு வருடமாக அடுத்தவர் வண்டியில் ஸ்டியரிங் பிடித்தவன். பலா சீசனில் பலாப்பழம் ஏற்றிக்கொண்டு கோயம்பேடு போவான். மற்ற மாதங்களில் காய்கறி, முந்திரி மூட்டை, கல்யாண வீட்டுப் பந்தல் சாமான், சிமென்ட் என்று எது கிடைக்கிறதோ அது. வாடகை வண்டி முதலாளிக்கு. நாள் கூலியும் பேட்டாவும் இவனுக்கு. வண்டி ஓடாத நாளில் இவனுக்கு ஒன்றும் இல்லை.

சொந்தமாக ஒரு சிறிய பிக்கப் வாங்கி ஓட்ட வேண்டும் என்று கடந்த ஆண்டு தாட்கோவில் மனுப் போட்டான். நேர்காணல் முடிந்து, வங்கிக்குப் பரிந்துரை போய், மேலாளர் ஒரு நாள் கூப்பிட்டு, "கம்பெனியில கொட்டேஷன் வாங்கிட்டு வாப்பா" என்று சொல்லியிருக்கிறார். டிசம்பர் முதல் வாரம் அவனே தனியாகப் போய் ஷோரூமில் கொட்டேஷன் வாங்கிவந்து என் கையில் கொடுத்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"மாமா, குடுத்துட்டாங்க. பேங்க்ல குடுத்தா முடிஞ்சுது."

காகிதத்தைப் பார்த்தேன். மொத்தம் 9 லட்சத்து 48 ஆயிரம் ரூபாய்.

"பேரம் பேசினியா?"

"லோன்ல வாங்குறவங்களுக்குப் பேரம் கிடையாதாம் மாமா. உனக்குத்தான் மானியம் வருதே தம்பி, அதுல எல்லாம் அட்ஜஸ்ட் ஆயிடும்னு சொன்னாரு."

அந்தப் பதிலைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுகிறேன். நம் பிள்ளைகள் பலர் இப்போது குட்டி யானை, பிக்கப், லோடு ஆட்டோ என்று தாட்கோ கடனில் வாங்குகிறார்கள். வாங்குவது நல்ல காரியம். ஆனால், மானியம் என்று அரசு கொடுக்கும் பணம் கடைசியில் யார் பைக்குப் போய்ச் சேருகிறது என்பதை நாம் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பதில்லை.

இரட்டைக் கூலி

அண்ணல் அம்பேத்கர் தன் சிறுவயது அனுபவம் ஒன்றை எழுதியிருக்கிறார். 1901-ல் அவருக்கு ஒன்பது வயது இருக்கும். சதாராவிலிருந்து அண்ணனோடும் அக்கா மகன்களோடும் கோரேகாவில் வேலை பார்த்த அப்பாவைப் பார்க்கப் புறப்பட்டார். மசூர் ரயில் நிலையத்தில் இறங்கினார்கள். அழைத்துப்போக யாரும் வரவில்லை. வெளியே மாட்டு வண்டிகள் நின்றன. பிள்ளைகள் மகர் சாதி என்று தெரிந்ததும் ஒரு வண்டிக்காரரும் ஏற்றிக்கொள்ளச் சம்மதிக்கவில்லை. கடைசியில் ஒருவர் ஒப்புக்கொண்டார். இரட்டைக் கூலி தர வேண்டும். வண்டியையும் பிள்ளைகளே ஓட்ட வேண்டும். அவர் கூடவே நடந்து வருவார். இதுதான் பேச்சு.

28 ஆண்டுகள் கழித்து, 1929-ல், வெளிநாடு சென்று படித்துப் பாரிஸ்டர் ஆகித் திரும்பியிருந்த அதே அம்பேத்கர் சாலிஸ்காவில் ரயிலை விட்டு இறங்குகிறார். அங்கேயும் குதிரை வண்டிக்காரர்கள் அவரை ஏற்றி ஓட்ட மறுத்தார்கள். வண்டியை மட்டும் வாடகைக்கு எடுத்து, ஓட்டிப் பழக்கமில்லாத சேரி மக்களில் ஒருவரே ஓட்ட, வழியில் விபத்து நடந்து அவர் கால் எலும்பு முறிந்தது.

இன்றைக்கு ஷோரூம் வாசலில் யாரும் சாதி கேட்டுத் துரத்துவதில்லை. கண்ணாடிக் கதவு எல்லோருக்கும் திறக்கிறது. ஆனால் இரட்டைக் கூலி என்ற அந்தப் பழைய வழக்கம் அடியோடு போய்விட்டதா என்று கேட்டால், எனக்குச் சந்தேகம்தான்.

ஏன் சொல்கிறேன் என்றால், என் அக்கா மகன் ஓட்டும் வண்டியின் முதலாளி அதே ஷோரூமில், அதே மாடலை, நான்கு மாதத்துக்கு முன் வாங்கியிருந்தார். ரொக்கம். அந்த வண்டியை ஷோரூமிலிருந்து ஓட்டிவந்ததே இவன்தான். அவருக்கு விலையில் தள்ளுபடி. சீட் கவர், மேட் இலவசம். அவர் பில்லில் 'ஹேண்ட்லிங் சார்ஜ்' என்ற வரியே கிடையாது. இவன் காகிதத்தில் தள்ளுபடி என்ற வரி கிடையாது.

இது சாதி பார்த்துப் போட்ட விலை என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். விற்பவர் பார்ப்பது வேறு மூன்று விஷயம்: இவன் கடனில் வாங்குகிறான், பேரம் பேசப் பழகாதவன், கூட ஆள் இல்லாமல் தனியாக வந்திருக்கிறான். இந்த மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பது எந்தத் தெருவில் அதிகம் என்று யோசித்துப் பாருங்கள். சாதி சில நேரம் பெயர் சொல்லாமலும் வேலை செய்யும்.

'மானியத்தில் அட்ஜஸ்ட் ஆகிவிடும்' என்றால் என்ன?

தாட்கோ 1974-ல் ஆதிதிராவிடர்களுக்கு வீடு கட்டித் தரும் கழகமாகத் தொடங்கப்பட்டது. தொழில் கடனும் மானியமும் பின்னால் சேர்ந்தவை. இப்போது நடைமுறையில் உள்ள முதலமைச்சரின் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் சமூகப் பொருளாதாரத் தொழில் முன்னோடித் திட்டத்தில் திட்டத் தொகையில் 35 சதவீதம் அல்லது 3 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய், இதில் எது குறைவோ அது மானியம். வட்டியிலும் 6 சதவீதம் மானியம் உண்டு. கொஞ்சம் பெரிய தொழில் என்றால் 2023-ல் வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் இருக்கிறது. அதிலும் 35 சதவீதம்தான், உச்சவரம்பு ஒன்றரைக் கோடி.

இதில் 'திட்டத் தொகை' என்பதைக் கவனியுங்கள். வண்டி வாங்குகிறவருக்குத் திட்டத் தொகை என்பது பெரும்பாலும் கொட்டேஷனில் உள்ள தொகைதான். கொட்டேஷன் ஏறினால் மானியமும் ஏறும். இதைத்தான் விற்பனையாளர் நமக்குச் சாதகம்போலச் சொல்கிறார். "விலை கூடினா உனக்கு மானியமும் கூடத்தானே வருது?"

கேட்க நன்றாக இருக்கிறது. கணக்குப் போட்டால் வேறு மாதிரி வருகிறது. கொட்டேஷனில் 1 லட்சம் ரூபாய் அநியாயமாக ஏற்றியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் 35 ஆயிரம் மானியமாக வரும். மீதி 65 ஆயிரம் உங்கள் தலையில். அதுவும் சும்மா இல்லை, வட்டியோடு. 10 சதவீத வட்டி, ஐந்து வருடம் என்றால் அந்த 65 ஆயிரத்துக்கு மட்டும் மாதம் ஏறக்குறைய 1,380 ரூபாய் தவணை கட்ட வேண்டும். வட்டி மானியம் அதைக் கொஞ்சம் குறைக்கலாம், இல்லாமல் ஆக்காது.

சரி, அந்த 35 ஆயிரம்? அது அரசாங்கப் பணம்தானே என்று சிலர் கேட்பார்கள். அது பட்டியல் சாதி மக்களுக்கென்று ஒதுக்கிய பணம். எந்த ஒதுக்கீட்டுக்கும் ஒரு முடிவு உண்டு. நம் கொட்டேஷனில் ஏறிய அந்த 35 ஆயிரம், மனுப் போட்டுவிட்டுக் காத்திருக்கும் இன்னொருவருக்குப் போக வேண்டியது. வழியிலேயே ஷோரூம் கணக்கில் இறங்கிவிடுகிறது.

காகிதத்தில் இருந்த பத்து வரிகள்

அவன் கொண்டுவந்தது முதலில் மூன்றே வரி: வண்டி விலை, 'ஆன் ரோடு' செலவு, மொத்தம். இப்படி ஒரு காகிதத்தை யாரும் வாங்கக் கூடாது. மறுநாள் போன் செய்து, தனித்தனியாகப் பிரித்து, கம்பெனி முத்திரையோடு தரச் சொன்னேன். இரண்டு நாள் இழுத்தடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். அது இப்படி இருந்தது.

ஷோரூம் விலை 7,80,000. இன்சூரன்ஸ் 46,000. பதிவு, சாலை வரி, இதர ஆர்.டி.ஓ. செலவு 38,000. பர்மிட் 6,500. ஹேண்ட்லிங் சார்ஜ் 9,500. கூடுதல் வாரண்டி 14,000. அக்சஸரீஸ் 18,000. பின் பாடிக்குக் கம்பிக் கூண்டு, தார்ப்பாய் வேலை 22,000. துருப்பிடிக்காமல் அடியில் அடிக்கும் கோட்டிங் 6,000. ஃபைல் சார்ஜ் 8,000.

ஒவ்வொன்றாகப் பார்ப்போம். நாளை உங்கள் கையில் வரும் காகிதத்திலும் இந்த வரிகள்தான் இருக்கும்.

ஷோரூம் விலை: கம்பெனியின் இணையதளத்தில் உங்கள் மாநிலத்துக்கான விலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். இதில் ஜி.எஸ்.டி. அடக்கம். சரக்கு வண்டிகளுக்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைந்தது. வரிக்கு முன் 100 ரூபாய் என்றிருந்த பொருள் முன்பு 128 ரூபாய். இப்போது 118 ரூபாய். எட்டு லட்சத்துக்கு மேல் இருந்த வண்டியில் அறுபது ஆயிரத்துக்கும் மேல் இறங்க வேண்டும். அந்தத் தேதிக்கு முன் வாங்கிய கொட்டேஷனை வைத்துக்கொண்டு இன்னும் கடனுக்காகக் காத்திருப்பவர்கள் உடனே புதிதாக ஒன்று வாங்குங்கள். பழைய காகிதத்தின் மேல் கடன் போட்டால் இல்லாத வரிக்கும் வட்டி கட்டுவீர்கள்.

இன்சூரன்ஸ்: ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணைய விதிப்படி டீலர் கட்டாயப்படுத்தக் கூடாது. மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு 2022-ல் அரசு நிர்ணயித்தபடி 16,049 ரூபாய். அது எங்கே எடுத்தாலும் ஒரே தொகை. வண்டியின் சேதத்துக்கான பகுதியும் கூடுதல் அம்சங்களும்தான் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பேரத்துக்கு இடம் அங்கேதான்.

பர்மிட்: இதைப் பலரும் அறியாமலே கட்டுகிறார்கள். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-ஆவது பிரிவின்படி, ஏற்றிய சுமையோடு சேர்த்து மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பர்மிட்டே தேவையில்லை. குட்டி யானை போன்ற சிறிய வண்டிகள் இதற்குள் வந்துவிடும். பிக்கப் என்றால் விளம்பரத் தாளில் மொத்த எடை என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹேண்ட்லிங் சார்ஜ்: தொழிற்சாலையிலிருந்து ஷோரூம் வரை வண்டி வந்த செலவு என்பார்கள். விற்பதற்காகக் கடைக்குக் கொண்டுவந்த செலவைத் தனியாகக் கேட்பது, அரிசிக் கடையில் மூட்டையை லாரியிலிருந்து இறக்கிய கூலியை ஒரு கிலோ வாங்குகிறவரிடம் கேட்பது போல. இதற்கு ரசீது என்ன, எந்த அரசு ஆணை என்று கேளுங்கள். காட்ட எதுவும் இருக்காது.

ஆர்.டி.ஓ. செலவு: வரிக்கும் பதிவுக்கும் அரசுக்குக் கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வரும். அந்த ரசீதில் உள்ள தொகைதான் செலவு. 'இதர' என்று ஒன்று கிடையாது.

கூடுதல் வாரண்டி, கோட்டிங், அக்சஸரீஸ்: இவை தேவையா, இல்லையா என்பது உங்கள் முடிவு. கூடுதல் வாரண்டி சிலருக்கு உதவும். ஆனால் கேட்காமலே கொட்டேஷனில் எழுதி வைக்கக் கூடாது.

ஃபைல் சார்ஜ்: கடன் தருவது வங்கி, மானியம் தருவது அரசு. இடையில் ஷோரூம் எந்த ஃபைலைச் சுமந்தது?

வண்டி விலை 10 லட்சத்தைத் தாண்டினால் வருமான வரியில் ஒரு சதவீதம் பிடித்தம் உண்டு. அதற்குக் கீழே வாங்குகிறவரிடம் அதைக் கேட்டால் கொடுக்காதீர்கள்.

அக்கா பேசிய பேரம்

இரண்டாவது முறை மூன்று பேராகப் போனோம். அவன், நான், என் அக்கா. அக்கா முப்பது வருடமாக முந்திரி உடைக்கிறவர். முந்திரித் தோல் எண்ணெய் பட்டுக் கறுத்த விரல்கள். முந்திரிப் பயிர் படிக்கு எவ்வளவு கூலி என்று வருடா வருடம் வியாபாரியிடம் மல்லுக்கு நின்று பேசியவர். ஷோரூமுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு வரப் பார்த்தார். "போட்டுக்கிட்டே வா" என்று நான்தான் சொன்னேன்.

போவதற்கு முன் இரண்டு வேலை செய்திருந்தோம். கடலூரில் ஒன்று, விழுப்புரத்தில் ஒன்று என்று அதே மாடலுக்கு வேறு இரண்டு கொட்டேஷன் வாங்கினோம். விழுப்புரத்தில் கேட்ட உடனேயே 15 ஆயிரம் தள்ளுபடி எழுதிக் கொடுத்தார்கள். வெளியே ஓர் இன்சூரன்ஸ் ஏஜென்டிடம் விசாரித்ததில் 34 ஆயிரத்துக்கு ஆகும் என்றார். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டோம்.

விற்பனையாளர் முதலில் மாதத் தவணையைப் பற்றியே பேசினார். "மாசம் எவ்ளோ கட்ட முடியும்னு சொல்லுங்க, அதுக்குள்ள முடிச்சுத் தரேன்." இது எல்லா இடத்திலும் நடப்பது. தவணையைப் பேச ஆரம்பித்தால் வருடத்தைக் கூட்டித் தவணையைக் குறைத்துக் காட்டிவிடுவார்கள், விலை மறைந்துவிடும். "தவணையை நாங்க பேங்க்ல பேசிக்கிறோம். நீங்க விலையைச் சொல்லுங்க" என்றேன்.

மேலாளர் வந்தார். நோட்டைப் பிரித்தோம். பர்மிட் என்ற வரியைக் காட்டி, இந்த வண்டியின் மொத்த எடை 3,000 கிலோவுக்குக் கீழே என்று உங்கள் விளம்பரத் தாளிலேயே இருக்கிறதே என்றேன். பார்த்துவிட்டு, "பழக்கத்துல போட்டுட்டாங்க சார்" என்று அடித்தார். ஹேண்ட்லிங் போயிற்று. ஃபைல் சார்ஜ் போயிற்று. கோட்டிங் வேண்டாம் என்றோம். வாரண்டி வேண்டாம் என்று அவன் முடிவு செய்தான். இன்சூரன்ஸை வெளியே எடுக்கிறோம் என்றதும், "நாங்களே 34-க்குப் பண்ணித் தரோம்" என்றார். அதே அம்சங்கள் இருக்கின்றனவா என்று வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சரி என்றோம்.

ஷோரூம் விலையில் மட்டும் அவர் அசையவில்லை. "அதுல எங்க கையில ஒண்ணும் இல்ல."

அப்போதுதான் அக்கா வாயைத் திறந்தார். "ஏன் தம்பி, இவன் ஓட்டுற வண்டிய அவங்க முதலாளி இங்கதான வாங்குனாரு? அவருக்குக் குறைச்சது உங்க கைதான?"

மேலாளர் பதில் சொல்லவில்லை. அக்கா விடவில்லை. "பாரம் ஏத்துறதுக்குத்தான் வண்டி வாங்குறோம். ஓட்டுறதுக்கு முன்னாடியே வண்டி மேல இவ்ளோ பாரம் ஏத்தி வெச்சிருக்கீங்களே."

பக்கத்து மேசையில் இருந்தவர் சிரித்துவிட்டார். ஆனாலும் அன்றைக்கு முடியவில்லை. கொடுக்க நினைத்த வண்டி எந்த மாதம் தயாரானது என்று கேட்டோம். ஜூலை என்றார்கள். ஐந்து மாதமாக நிற்கும் வண்டி. ஜனவரி பிறந்தால் அது போன வருட வண்டி. அதைச் சொல்லி, "25 ஆயிரம் குறைத்தால் எடுக்கிறோம், இல்லையென்றால் விழுப்புரம் போகிறோம்" என்று எழுந்து வந்துவிட்டோம். முன்பணம் எதுவும் கொடுத்திருக்கவில்லை. அதனால் எழுந்து வர முடிந்தது.

பஸ்ஸில் வரும்போது அவன் முகம் வாடிப்போயிருந்தது. "போச்சே மாமா, குடுக்க மாட்டேன்னுட்டா?" என்றான். அவன் பயத்தில் நியாயம் உண்டு. கடன் சாங்ஷன் ஆகும் நேரத்தில் ஏதாவது ஒன்று தட்டிப்போனால் மறுபடி எத்தனை மாதம் அலைய வேண்டும் என்பது அலைந்தவனுக்குத்தான் தெரியும். அந்தப் பயம்தான் விற்பவரின் மூலதனமும்.

நான்காம் நாள் போன் வந்தது. 22 ஆயிரம் குறைக்கிறோம், சீட் கவரும் மேட்டும் இலவசம் என்றார்கள்.

புதுக் கொட்டேஷன்: வண்டி 7,58,000. இன்சூரன்ஸ் 34,000. வரியும் பதிவும் ரசீதுப்படி 31,000. பாடி வேலை 18,000. மொத்தம் 8 லட்சத்து 41 ஆயிரம்.

முதல் காகிதத்துக்கும் இதற்கும் வித்தியாசம் 1 லட்சத்து 7 ஆயிரம் ரூபாய். மானியத்தில் 37,450 குறைந்தது உண்மைதான். ஆனால் அவன் தலையில் ஏறவிருந்த 69,550 ரூபாய் கடன் இறங்கியது. அந்தத் தொகையில் நான்கு புது டயரும் வாங்கி, மிச்சத்தில் ஒரு வருட இன்சூரன்ஸும் கட்டலாம்.

கையில் திரும்பக் கொடுப்பார்கள், வாங்காதீர்கள்

இன்னொரு வழியும் நடக்கிறது. கொட்டேஷனை வேண்டுமென்றே ஏற்றி எழுதி, வங்கிப் பணம் வந்ததும் 20 ஆயிரமோ 30 ஆயிரமோ ரொக்கமாகக் கையில் தருவதாகச் சொல்வார்கள். மார்ஜின் தொகை கட்ட வழியில்லாதவருக்கு இது ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் பொய்க் கொட்டேஷனில் கையெழுத்து உங்களுடையது. விசாரணை வந்தால் நிற்கப்போவதும் நீங்கள்தான். அந்த ரொக்கமும் உங்கள் கடனிலிருந்து எடுத்து உங்களுக்கே கொடுப்பது. அதற்கும் வட்டி உண்டு.

அதைவிட மோசமானது, பெயர் கொடுப்பது. "உன் பேர்ல எடுத்து நான் ஓட்டிக்கிறேன், உனக்கு ஒரு தொகை தரேன்" என்று கேட்டு வருகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். வண்டி அவர் வீட்டு வாசலில் நிற்கும், மானியம் அவருக்கு, கடன் உங்கள் பெயரில். தவணை நின்றால் வங்கி உங்கள் கதவைத்தான் தட்டும். நாளைக்கு உங்கள் பிள்ளையின் படிப்புக் கடனுக்கும் அது குறுக்கே நிற்கும்.

போகும் முன் குறித்துக்கொள்ளுங்கள்

தனியாகப் போகாதீர்கள். பேசத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போங்கள். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களை அழைத்துப்போங்கள். கொட்டேஷனைப் படித்துக் கேள்வி கேட்பது அவர்களுக்கும் பாடம்தான்.

குறைந்தது இரண்டு, முடிந்தால் மூன்று இடத்தில் பிரித்து எழுதிய கொட்டேஷன் வாங்குங்கள். மாதக் கடைசியிலும், டிசம்பரிலும், மார்ச்சிலும் ஷோரூமுக்கு விற்பனை இலக்கு நெருக்கும். பேரம் அப்போது படியும்.

கடன் சாங்ஷன் ஆகும் முன் முன்பணம் கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்றால், கடன் வராவிட்டால் முழுதும் திருப்பித் தரப்படும் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள்.

டிரைவிங் லைசென்ஸுக்குத் தனி முத்திரை வேண்டும் என்று புரோக்கர்கள் காசு கேட்பார்கள். இலகுரக வாகன லைசென்ஸ் வைத்திருப்பவர் மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பரில் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

வண்டி எடுக்கும் நாளில் அவசரப்படாதீர்கள். பகல் வெளிச்சத்தில் பாருங்கள். சேஸிஸ் எண், எஞ்சின் எண் காகிதத்தோடு ஒத்துப்போகிறதா? தயாரிப்பு மாதம் சொன்னதுதானா? ஸ்டெப்னி, ஜாக்கி, இரண்டாவது சாவி இருக்கிறதா? பில், விற்பனைச் சான்று, இன்சூரன்ஸ் பாலிசி, வரி ரசீது எல்லாவற்றின் நகலும் உங்கள் கையில் இருக்க வேண்டும். புது வண்டிக்குத் தகுதிச் சான்று இரண்டு வருடம் செல்லும். அதற்குள் வேறு எவரும் எப்.சி. என்று காசு கேட்க முடியாது.

ஏமாற்றினால் கேட்க இடம் உண்டு. வாடகைக்கு ஓட்டும் வண்டி வணிகப் பொருள், அதற்கு நுகர்வோர் வழக்குப் போட முடியாது என்று சொல்வார்கள். சுயதொழிலில் பிழைப்பதற்காக ஒருவர் வாங்கிய பொருளுக்கு அவரும் நுகர்வோர்தான் என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் முதலில் புகார் சொல்லலாம். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது.

பேரம் பேசுவது சில பேருக்குக் கூச்சமாக இருக்கிறது. இலவசமாக வருகிற பணத்தில் வாங்குகிறோம், இதில் என்ன கேள்வி கேட்பது என்று குன்றிப்போகிறார்கள். ஷோரூமில் நின்றுகொண்டே பேசிவிட்டு வந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அங்கே நாற்காலி வாடிக்கையாளருக்குப் போட்டது. உட்காருங்கள். 35 சதவீதம் போக மீதி 65 சதவீதம் உங்கள் உழைப்பு. நூறு சதவீதமும் கேள்வி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

வண்டி வந்துவிட்டது. முன் கண்ணாடியில் நீல எழுத்தில் 'ஜெய்பீம்' என்று ஒட்டியிருக்கிறான். பொங்கலுக்கு முன் முதல் லோடு கரும்பு. வாடகையை வாங்கிவந்து அக்கா கையில் கொடுத்தானாம். டீசலுக்கு எவ்வளவு, தவணைக்கு எவ்வளவு என்று அக்கா பிரித்து வைத்தாராம்.

கீழத் தெருவில் இன்னொரு பையனுக்கும் தாட்கோவில் பரிந்துரை ஆகியிருக்கிறது. அடுத்த வாரம் கொட்டேஷன் வாங்கப் போகிறான். எங்கள் நோட்டை இரவல் வாங்கிப் போயிருக்கிறான். அக்கா மகன் துணைக்குப் போகிறான். அக்காவும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.